சம்பளம் குறைவு, செலவும் நம் தலையில்: திருச்சி ஆசிரியைகளுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை

திருச்சியில் பாலக்கரை, தென்னூர், ஆழ்வார்தோப்பு, பீமநகர் பகுதிகளில் பட்டப்படிப்பு முடித்த நம் பெண்கள் பலர் முதலில் தேடுவது ஆசிரியை வேலையைத்தான். வீட்டுக்கு அருகிலேயே பள்ளி இருக்கும். மாலைக்குள் திரும்பிவிடலாம். பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் அம்மாவுக்கும் விடுமுறை. 1ஆம் நம்பர் பேருந்தில் காவிரிப் பாலம் கடந்து ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில் பள்ளிகளுக்குப் போய் வருபவர்களும் இருக்கிறார்கள். சேரும் பள்ளிகளில் பெரும்பாலானவை சுயநிதி நர்சரி, மெட்ரிக் பள்ளிகள்.

அங்கே சம்பளம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். பயிற்சி கிடைப்பதில்லை என்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களை வட்டார வள மையத்துக்கு அழைத்துப் பயிற்சி தருகிறார்கள். தனியார் பள்ளி ஆசிரியைக்கு ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் கூட்டம் நடந்தாலே பெரிது. சார்ட், கலர் பேப்பர், ஜெராக்ஸ், பாடத்துக்கு ஒரு ஆப் என்று போகும் பணமும் பல இடங்களில் ஆசிரியையின் கைப்பணம்தான்.

அந்தச் செலவில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தும் பொருள்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. எங்கே இருக்கின்றன, எதற்குப் பயன்படும், எதில் கவனம் வேண்டும் என்பதைச் சொல்வதே இக்கட்டுரை. வீட்டில் ஆசிரியை இருந்தால் இதை அவருக்கு அனுப்பி வையுங்கள்.

நாளைய பாடத்துக்கு

தேடலைப் பாடநூலிலிருந்தே தொடங்குங்கள். தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் பாடத்தின் ஓரத்தில் க்யூஆர் குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள். பல ஆசிரியர்கள் அதை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. மத்தியக் கல்வித்துறையின் தீக்‌ஷா செயலியை மொபைலில் இறக்கி, அதன் வழியாக அந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ, பயிற்சி வினாக்கள் போன்றவை திறக்கும். தீக்‌ஷா 2017 செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்டது. பாடப்பொருள்களைப் பார்க்க அதில் பதிவு செய்ய வேண்டியதில்லை. வீட்டு வைஃபையில் ஒருமுறை இறக்கிச் சேமித்துக்கொண்டால் பள்ளியில் நெட் இல்லாமலே காட்டலாம்.

மாநிலப் பாடநூல்கள் அனைத்தும் பிடிஎஃப் வடிவில் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிபிஎஸ்இ பள்ளியில் பணிபுரிபவர்களுக்கு என்சிஇஆர்டி தளமும் இ-பாடசாலை செயலியும் உண்டு. என்சிஇஆர்டி தன் நூல்களை உருது மொழியிலும் வெளியிடுகிறது. உருது கற்பிப்பவர்கள் அதைக் கவனிக்கலாம்.

2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. 2023இல் வந்த மணற்கேணி செயலியில் மாநிலப் பாடத்திட்டம் சிறு சிறு வீடியோக்களாகப் பிரித்துத் தரப்பட்டுள்ளது. வகுப்பறைத் திரையில் ஓடவிட்டு ஆசிரியை ஓரமாக உட்கார்ந்துவிடுவதற்கு இவை பொருத்தமானவை என்று நான் நினைக்கவில்லை. ஒரு பாடத்தை இன்னொருவர் எந்த உதாரணத்தோடு தொடங்குகிறார், எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார் என்று முந்தின இரவில் பார்த்து வைத்துக்கொள்வதற்கு இவை மிகவும் உதவும். வேலைக்குச் சேர்ந்து முதல் இரண்டு வருடங்களில் இருப்பவர்களுக்கு இதைவிட மலிவான பயிற்சி இல்லை.

அறிவியல் ஆசிரியைகள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய தளம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் என்னும் திட்டம் அது. கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் மாதிரிகள் அதில் உள்ளன. ஆறாம் வகுப்பு அறிவியலில் வரும் மின்னியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கலம், பல்பு, கம்பி, சாவி ஆகியவற்றை மாணவனே திரையில் இழுத்து வைத்து இணைக்கலாம். சுற்று முழுமையானால் பல்பு எரியும். ஒரு கம்பியை எடுத்தால் அணையும். பல்புகளைத் தொடராக இணைத்தால் ஒளி மங்கும், பக்கமாக இணைத்தால் மங்காது. ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு இதைக் காட்ட வேறு வழி ஏது? பல மாதிரிகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறங்கும். பென்டிரைவில் எடுத்துப் போனால் போதும்.

கணினியே இல்லாத வகுப்பு என்றால் அரவிந்த் குப்தாவின் தளத்துக்குப் போங்கள். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு, தீக்குச்சி, சைக்கிள் டியூப், பழைய பேனா, காலி பாட்டில் ஆகியவற்றில் அறிவியல் பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர் அவர். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். செய்முறைகள் படங்களாகவும் சிறு வீடியோக்களாகவும் உள்ளன. புத்தகங்களையும் ஏராளமாக இலவசமாக வைத்திருக்கிறார். தளத்தின் தோற்றம் இருபது வருடப் பழசு. அதைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்.

கணிதத்துக்கு ஜியோஜீப்ரா. வடிவியலையும் வரைபடத்தையும் திரையில் அசைத்துக் காட்டலாம். ஆங்கிலம் சிரமம் இல்லாதவர்கள் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2012 முதல் வெளியிடும் 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' என்ற பள்ளிக் கணித இதழைப் படிக்கலாம், அதுவும் இலவசம்.

சிறு வகுப்பு எடுப்பவர்களுக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளில் தொடங்கிய கதைக் களஞ்சியம் இது. தமிழ், ஆங்கிலம், உருது உள்ளிட்ட பல மொழிகளில் படக்கதைகள் உண்டு. வாசிப்புத் திறனை நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பதால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வைத்தால், வீட்டில் ஆங்கிலம் கேட்காத குழந்தைக்குக் கதை முதலில் புரிந்துவிடும், சொல் பிறகு ஒட்டிக்கொள்ளும்.

தமிழாசிரியர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் சங்க இலக்கியம் தொட்டு எல்லாம் வைத்திருக்கின்றன. உமறுப் புலவரின் சீறாப்புராணம் பாடமாக வரும்போது பாடநூலில் உள்ள சில செய்யுள்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. மதுரைத் திட்டத்தில் முன்பின் பாடல்களையும் பார்த்து வகுப்பில் கதையாகச் சொல்லலாம்.

'இலவசம்' என்பதில் இரண்டு வகை

பார்ப்பதற்கு இலவசம் என்பது ஒன்று. எடுத்து அச்சிட்டுப் பகிர்வதற்கும் இலவசம் என்பது வேறொன்று. பள்ளிகளில் இந்தக் குழப்பம் அதிகம். யாரோ ஒருவர் விற்பனைக்கு வைத்திருக்கும் கைடு புத்தகத்தை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது பிறர் உடைமையை அனுமதியில்லாமல் எடுப்பதுதான். அதன் ஹலால் ஹராம் பற்றி நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்டோரிவீவர் கதைகளோ கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வருகின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். விக்கிமீடியா காமன்ஸ் படங்களும் திறந்த உரிமத்தில் உள்ளவைதான்.

கூகுளில் படம் தேடும்போது 'டூல்ஸ்' என்பதைத் தொட்டால் 'யூசேஜ் ரைட்ஸ்' என்று ஒரு பட்டியல் வரும். அதில் கிரியேட்டிவ் காமன்ஸைத் தேர்ந்தெடுத்தால் தாராளமாக எடுக்கக்கூடிய படங்கள் மட்டும் நிற்கும். வினாத்தாளிலும் பள்ளி மலரிலும் படம் போடுபவர்கள் இந்த ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது.

பயிற்சிக்கும் சான்றிதழுக்கும்

ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சித் திட்டமான நிஷ்டா 2019இல் தொடங்கியது. கொரோனா காலத்தில் 2020 அக்டோபரில் தீக்‌ஷா வழியாக இணையத்துக்கு வந்தது. தொடக்க வகுப்புகளுக்கு 18 தொகுதிகள், உயர்நிலை, மேல்நிலைக்கு 13, அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கு 12 என்று வெவ்வேறு கட்டங்களாக வந்தது. பயிற்சியில் சேரப் பதிவு தேவை. சில பயிற்சிகள் அரசு ஆசிரியர்களுக்கென்றே திறக்கப்படும். மற்றவற்றில் தனியார் பள்ளி ஆசிரியைகளும் சொந்தக் கணக்கில் நுழையலாம்.

ஸ்வயம் தளம் 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஐஐடி முதல் இக்னோ வரை பல நிறுவனங்களின் பாடங்கள் அதில் உள்ளன. பொதுவாக ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை சேர்க்கை. படிப்பது இலவசம், நேரில் போய்த் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்குத்தான் கட்டணம். சான்றிதழ் வேண்டாம், விஷயம் தெரிந்தால் போதும் என்பவர்கள் ஒரு ரூபாயும் கட்டாமல் முழுப் பாடத்தையும் கேட்டுவிடலாம்.

கணினியே சரியாக வராது என்று தயங்கும் மூத்த ஆசிரியைகளுக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் நல்ல தொடக்கம். லிப்ரே ஆஃபீஸ் போன்ற இலவச மென்பொருள்களைப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகச் சொல்லித் தருகிறார்கள். தமிழ்க் குரலிலும் கேட்கலாம். 2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப் பல வீடுகளில் பீரோ மேல் தூங்குகிறது. சார்ஜர் வேலை செய்தால் இதற்கு அது போதும்.

ஆனால் ஒரு சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பதை, சேருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2017 ஆகஸ்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பயிற்சி பெறாமல் பணியில் இருந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 2019 மார்ச் 31க்குள் தகுதி பெற்றாக வேண்டும் என்றானது. அவர்களுக்காக என்ஐஓஎஸ் எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 18 மாத டிப்ளமோ நடத்தியது. ஸ்வயம் தளத்திலும் ஸ்வயம் பிரபா தொலைக்காட்சியிலும் பாடங்கள் வந்தன. நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். தனியார் பள்ளி ஆசிரியர்களும் அதில் ஏராளம்.

பிறகு அரசு வேலைக்கு விண்ணப்பித்தபோது சிக்கல் எழுந்தது. வழக்கமான டிப்ளமோ இரண்டு ஆண்டு, இது 18 மாதம். இரண்டும் சமமல்ல என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஆகஸ்ட் 10ஆம் தேதியன்று பணியில் இருந்து, உரிய காலத்துக்குள் முடித்தவர்களுக்கு அது செல்லும் என்று 2024 டிசம்பரில் தெளிவுபடுத்தப்பட்டது. இடைப்பட்ட ஓராண்டு அந்தக் குடும்பங்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். மத்திய அரசின் அனுமதியோடு நடந்த படிப்புக்கே இந்த நிலை. வாட்ஸ்அப்பில் வரும் '99 ரூபாயில் சர்வதேசச் சான்றிதழ்', பணம் கட்டினால் கிடைக்கும் 'சிறந்த ஆசிரியர் விருது' ஆகியவற்றின் மதிப்பை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

டெட் தேர்வு

இப்போது பல வீடுகளில் பதற்றத்தோடு பேசப்படுவது ஆசிரியர் தகுதித் தேர்வு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வு வேண்டுமென்றால் தேர்ச்சி வேண்டும்.

சிறுபான்மைப் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்று 2014இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருந்தது. 2025 தீர்ப்பை வழங்கிய அமர்வு அந்த முடிவு சரிதானா என்று ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வின் பரிசீலனைக்கு அனுப்பியது. எனவே 'நமக்கு டெட் வேண்டாம்' என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவது புத்திசாலித்தனம் இல்லை. எழுதித் தேர்ச்சி பெற்றுவிட்டால் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். பள்ளி மாறினாலும் கூடவே வரும்.

தேர்வு 150 வினாக்கள், 150 மதிப்பெண்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு முதல் தாள், ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு இரண்டாம் தாள். முதல் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், மொழி, ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று ஒவ்வொன்றிலும் 30. இரண்டாம் தாளில் கடைசிப் பகுதிக்கு 60, கணிதம் அறிவியல் அல்லது சமூக அறிவியலில் ஒன்று. மொழிப் பகுதியை உருதுவிலும் எழுதலாம்.

கோச்சிங் சென்டருக்கு ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன்பு இலவச வழியை மூன்று மாதம் முயன்று பாருங்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தளத்தில் பாடத்திட்டம் இருக்கிறது. அதை அச்சிட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான கேள்விகளின் வேர் பள்ளிப் பாடநூல்களில்தான் இருக்கும். அவை பிடிஎஃப் ஆகக் கையில் உள்ளன. நடந்து முடிந்த தேர்வுகளின் வினாத்தாளை எடுத்துக் கடிகாரம் வைத்து எழுதி, வாரியம் வெளியிட்ட விடையோடு ஒப்பிடுங்கள். குழந்தை மேம்பாட்டுப் பகுதி மட்டும் பிஎட் படித்துப் பல ஆண்டு ஆனவர்களுக்கு மறந்திருக்கும். ஸ்வயமிலும் தீக்‌ஷாவிலும் உள்ள பாடங்கள் அதற்குக் கைகொடுக்கும். தேர்ச்சி மதிப்பெண், விண்ணப்பத் தேதி ஆகியவற்றை வாரியத்தின் தளத்தில் உள்ள அறிவிப்பில் மட்டுமே பாருங்கள், யூடியூபரின் தலைப்பில் பார்க்காதீர்கள்.

வீட்டில் படிக்க இடமோ அமைதியோ இல்லாதவர்களுக்கு மேலப்புலிவார் ரோட்டில் உள்ள மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அங்கே கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள்.

வெளிநாட்டு வாய்ப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை பள்ளி ஆசிரியர்களுக்கென்று ஃபுல்பிரைட் திட்டங்களை நடத்தி வந்திருக்கிறது. சென்னையில் அதற்கு அலுவலகம் உண்டு. எந்த ஆண்டு எந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்பது மாறும் என்பதால் அதன் தளத்தையே பார்க்க வேண்டும். ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு பிரிட்டிஷ் கவுன்சிலின் 'டீச்சிங் இங்கிலீஷ்' தளத்தில் பாடக் குறிப்புகளும் பயிற்சிகளும் இலவசமாக உள்ளன.

சில எச்சரிக்கைகள்

புதிய ஆப் ஒவ்வொன்றிலும் மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, போட்டோ, பெற்றோரின் எண் ஆகியவற்றை ஏற்றாதீர்கள். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பெண் பிள்ளைகளின் படங்களை வகுப்பு வீடியோவில் போட்டு யூடியூபில் ஏற்றும் பள்ளிகளிடம் பெற்றோர்களும் கேள்வி கேட்கலாம், தவறில்லை. 'முதல் மாதம் இலவசம்' என்று கார்டு எண் கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள். மேலே சொன்ன தளங்களில் பாடப்பொருளைப் பார்க்க ஏடிஎம் கார்டு எண் கொடுக்க வேண்டியதே இல்லை.

செயற்கை நுண்ணறிவு செயலிகளிடம் வினாத்தாள் கேட்டு வாங்கும் வழக்கம் இப்போது பரவுகிறது. வேலை சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்ச் செய்யுள், வரலாற்று ஆண்டு, கணித விடை ஆகியவற்றில் அவை தவறாகச் சொல்வதும் உண்டு, அதுவும் கொஞ்சமும் தயங்காமல். பாடநூலை வைத்து ஒப்பிடாமல் கரும்பலகையில் எழுதாதீர்கள்.

குடும்பமும் ஜமாஅத்தும்

மேலே சொன்ன எதற்கும் பணம் தேவையில்லை, நேரம் தேவை. பள்ளியிலிருந்து வந்து, சமைத்து, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்து, நோட்டுத் திருத்தும் பெண்ணுக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? வாரத்தில் இரண்டு மாலை அடுப்படியை வேறொருவர் பார்த்துக்கொண்டால் வரும். கணவரோ அத்தாவோ அண்ணனோ, யாராக இருந்தாலும் சரி. டெட் தேர்வுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்காவது இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மஹல்லா அளவிலும் செய்ய முடியும். மக்தப் நடக்கும் கூடத்தில் ஒரு கணினி, ஒரு பிரின்டர், ஒரு இணைய இணைப்பு. கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை அந்தக் கணினியில் நிறுவி, பாடங்களை ஒருமுறை இறக்கிவிட்டால், அதன்பிறகு நெட் இல்லாமலே சுற்றியிருக்கும் மொபைல்களில் வைஃபை வழியாகப் பார்க்கலாம். காலையில் மக்தப் பிள்ளைகள், மாலையில் டியூஷன் எடுக்கும் சகோதரிகள், ஞாயிற்றுக்கிழமை டெட் எழுதுபவர்கள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். ஜமால் முகமது கல்லூரி போன்ற கல்லூரிகள் உள்ள ஊரில், இரண்டு மணி நேரம் வந்து இதை நிறுவித் தரக் கணினி படிக்கும் மாணவர்களுக்குப் பஞ்சம் இருக்காது. ஸ்டோரிவீவர் கதைகளில் இருபதைத் தேர்ந்தெடுத்து அந்த பிரின்டரில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு நடுவில் பின் அடித்தால், மக்தப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு நூலகம் அன்றைக்கே தயார். படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலையைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.